என் பெயரில் ஒரு வலிப்பு

என் வீட்டுக்காரர் ஒரு சோப்பு வாங்குவதென்றாலும் உறையின் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் காசை எடுப்பார். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். "உன்னை ஒருத்தியைத்தான் எதையும் படிச்சுப் பாக்காம கட்டிக்கிட்டேன்" என்று கல்யாணமான புதிதில் என்னைக் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட மனிதர் கையில் மூன்று மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை.

அவர் கடல் தாண்டிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மீனும் இறைச்சியும் வைக்கிற பெரிய குளிர்கிடங்கு ஒன்றில் மெக்கானிக். இனி மனைவி பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆனால் அந்த நாட்டில் ஒரு சட்டம். புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் சில வருஷங்கள் அரசாங்க ஆஸ்பத்திரி கிடையாது, தனியார் காப்பீடு கையில் இருந்தால்தான் விசா. எனக்கு ஒன்று, எங்கள் மகள் வாண்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான் இந்த வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். அவரும் வாண்டு வளர்வதைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"சின்ன பிளான் எடுத்தா ஆஸ்பத்திரில படுத்தாத்தான் பணம் வரும்" என்பார் திரையில். "நடுவுல இருக்கிறதுல சும்மா டாக்டரைப் பாக்கப் போனாலும் குடுப்பான். பெருசுல பல்லு, கண்ணு எல்லாம் சேர்த்தி."

"கண்ணாடிக் கடையில குப்பை கொட்டினவளுக்கு எதுக்குங்க கண்ணுக்குக் காப்பீடு?"

"உனக்கு வேணாம், எனக்கு வேணும்ல? உன் மூஞ்சி இப்பவே மங்கலாத்தான் தெரியுது."

"அது உங்க நெட்டு சரியில்ல. கண்ணு மேல பழியைப் போடாதீங்க."

இப்படிப் பேசிப் பேசியே நடுவில் இருப்பதற்கு வந்து சேர்ந்தோம். நான் கடை வேலையை விட்டாகிவிட்டது. ஊரார் மூக்கில் கண்ணாடியை ஏற்றி இறக்கி, காதுக்குப் பின்னால் கொக்கியை வளைத்துச் சரிசெய்து கொடுத்தே வருஷங்கள் ஓடிப்போயிருந்தன. இப்போது பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று வீடு முழுக்க அலைந்துகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் அக்கா தங்கச்சி இருவரும் அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டவர்கள். என் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் என் கொழுந்தன் என் தங்கச்சியைப் பார்த்தான். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று அம்மாவிடம் ஒரே புலம்பல். மாமியாரே நேரில் போய்ப் பெண் கேட்டார். மாடியில் அவர்கள், கீழே நானும் மாமியாரும் வாண்டும். கொழுந்தனுக்குத் தெருக்கோடியில் டூவீலர் ரிப்பேர் கடை. வீட்டுக்கு ஒரே சமையலறை, ஒரே ஸ்கூட்டர்.

காப்பீடு வாங்கித் தருகிற ஆலோசகர் பெண் ஒருத்தியை அவர் பிடித்திருந்தார். நம் பாஷை பேசுகிறவள், நல்ல பொறுமைசாலி. அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியும் அவள் இன்னும் போனை எடுத்துக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் பேசினோம்.

"உங்க பழைய காப்பீட்டுக் கம்பெனில இருந்து மருத்துவ விவரம் வந்திருக்கு மேடம்" என்றாள். "ஃபார்ம்ல நீங்க எந்த நோயும் இல்லன்னு போட்டிருக்கீங்க. ஆனா உங்களுக்கு வலிப்பு இருக்குன்னு வந்திருக்கு. ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருக்கீங்க. இப்பவும் மாத்திரை ஓடிட்டு இருக்கு போல?"

பெரிய குண்டாகத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையின் மறுபாதியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்றார். "யாருக்கு வலிப்பு?"

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனி, இங்கே வந்து என் பழைய சங்கதியைத் தோண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யார்தான் நினைத்திருப்பார்கள்?

எனக்கு ஆயுசில் வலிப்பு வந்ததில்லை. வந்தது என் தங்கச்சிக்கு.

அப்போது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கல்யாணமாகவில்லை. ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தவளுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும், சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குத் தையல் யூனிட்டில் வேலை. என் கண்ணாடிக் கடையில் கொடுத்த காப்பீட்டு அட்டை என் பையில் இருந்தது, அது எனக்கு மட்டும்தான் செல்லும். அம்மா என்னைக் கேட்கவில்லை. பையைத் திறந்து எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். அட்டையில் படம்கூட இல்லை. "கல்யாணமாக வேண்டிய பொண்ணுடி. அவ பேருல வலிப்புன்னு எங்கயும் ஏறவே கூடாது."

"நானும் கல்யாணமாக வேண்டிய பொண்ணுதாம்மா!" என்று கத்தினேன்.

"நீ தைரியசாலிடி" என்றாள் அம்மா. வீட்டுக்கு மூத்தவளாகப் பிறந்தால் இந்தப் பட்டம் இலவசமாகக் கிடைக்கும். வாங்கிக்கொண்டால் பிறகு இறக்கி வைக்க இடமே கிடையாது.

கூத்து அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுத்திருக்கிறேன் என்றால், கண்ணாடிக் கடையிலும் நானே நிற்க முடியாதே? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்த மறுநாள் கடையில் எல்லோரும் பழத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிட்டார்கள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகினேன். உண்மையான நோயாளி உள்ளே நின்று டீ போட்டுக் கொண்டுவந்தாள். "அக்காவை நல்லாப் பாத்துக்கம்மா" என்று மேனேஜர் அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து மாத்திரை என் பெயரில்தான். டாக்டரிடம் போகும்போது அவள் என் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போவாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மாத்திரையை வாங்கிக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு அவளிடம் கொடுப்பேன். ஒரு நாளும் விடக்கூடாது, வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கல்யாணமான புதிதில் கொழுந்தன் அவளுக்கு ஆசை ஆசையாக ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டான். நான்தான் சண்டை போட்டுச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "அண்ணிக்கு வண்டி மேல அம்புட்டு ஆசை" என்று அவன் கேலி செய்தான்.

இப்போது திரையில் இரண்டு பேர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கில்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு யாருக்கு என்பதுதான். கேட்கிறவர் யார்? அவள் புருஷனின் கூடப்பிறந்த அண்ணன்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். என் கணவருக்குப் பொய் பிடிக்காது. என்னிடம் பொய்யே கிடையாது என்று நம்பியிருந்த மனிதர் அவர். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், வாண்டு கூப்பிடுகிறாள் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

ஆலோசகர் பெண்ணே ஒரு வழி சொன்னாள். வலிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதற்கெல்லாம் காப்பீடு தருவார்களாம். வலிப்பு வந்து கீழே விழுந்து கை ஒடிந்தால் அந்தக் கைக்குப் பைசா வராது. சும்மா வழுக்கி விழுந்து ஒடிந்தால் வரும். கம்பெனி சம்மதிக்கச் சில வாரங்கள் ஆகும். அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் படித்தார். இப்போது வலிப்பைப் பற்றியும் படித்தார். படித்துவிட்டு, நல்லெண்ணத்தில்தான், தன் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அவளைத் தனியா விடாதீங்கம்மா. அடுப்புகிட்ட நிக்க விடாதீங்க. வண்டியைத் தொடவே விடாதீங்க."

அன்றோடு நான் அந்த வீட்டில் கைதி. ஸ்கூட்டர் சாவியும் மாமியார் கைக்குப் போய்விட்டது. சமையலறைக்குள் நுழைந்தால் மாமியார் பின்னாலேயே வருவார். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இல்லாமல் எங்கே போகப் போகிறேன்? வாண்டு என் பக்கத்தில் படுக்கக்கூடாது என்று அவர் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். அவள் ஒருநாள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, "அம்மா, நீ எப்போ விழுவே?" என்று கேட்டாள்.

மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஒடம்புல இருக்கிறதை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது எனக்குக் கேட்கும். "சின்னவளாவது நல்லபடியா வந்து வாய்ச்சாளே" என்பார் அடுத்து. சின்னவள் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்தவே மாட்டாள்.

துணி காயப்போட மாடிக்குப் போன சாக்கில் அவளைப் பிடித்தேன். "சொல்லிடுடி. நீயா உன் புருஷன்கிட்ட சொல்லிடு."

"அவர் என்னை விட்டுடுவாருக்கா."

"அடி போடி, உன் மேல பைத்தியமா இருக்கான் அவன்!"

"என் மேல பைத்தியம்தான். இது தெரிஞ்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் கிளம்பப் போறியேக்கா. அங்க போயிட்டா உன்னை யாரு என்ன சொல்லப் போறாங்க? நான் இங்கயே, இவங்ககூடவே இருக்கணும்."

அம்மாவுக்குப் போன் செய்தால், "வாயைத் திறந்தே, அப்புறம் என்னை உயிரோட பாக்க மாட்டே" என்றாள். தைரியசாலிக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

அடுத்த வில்லங்கம் மாத்திரையில் வந்தது. மாத்திரை அட்டை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் மாமியார் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீருமாக என் முன்னால் வந்து நிற்பார். நான் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடிப்பேன். பின்பக்கம் போய்த் துப்பி, கழுவி, முந்தானையில் துடைத்துத் தங்கச்சியிடம் கொடுப்பேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுங்குவாள். சீட்டு இல்லாமல் கடையில் வேறு மாத்திரை தர மாட்டார்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் மாமியாருக்கு என்ன தோன்றியதோ, "வாயைத் தொற, பாப்போம்" என்றார். அவர் பார்க்கும்முன் முழுங்க வேண்டியதாயிற்று. மறுநாளும் அதே கதை. எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றி, பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன். "பாத்தியா, ஒடம்புல எவ்வளவு வியாதி" என்றார் மாமியார். தங்கச்சி இரண்டு நாளாக மாத்திரை இல்லாமல் இருந்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. வாண்டைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று நான் அதுவரை கேட்கவே இல்லை. கொழுந்தன் என்றுதான் நினைத்திருந்தேன். ஈரக் கையோடு ஓடினேன். வாண்டு வண்டியில் முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு கண்ணாடிக் கம்பியைப் பிடித்திருந்தாள். பின்னால் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தவள் என் தங்கச்சி.

ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். "இறங்கு."

"ஸ்கூலுக்கு நேரமாச்சுக்கா."

"இறங்குடி முதல்ல!"

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வாண்டு பயந்துபோய் வீறிட்டு அழுதாள். அவளை இழுத்துத் தரையில் நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். மாமியார் ஓடிவந்தார். "ஐயோ, என்னாச்சு இவளுக்கு? வந்துடுச்சா?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் வண்டியிலிருந்து இறங்கினாள், ஸ்டாண்டைப் போட்டாள்.

"மாத்திரை ஒத்துக்கலை போல அத்தை" என்றாள். "அக்காவை உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க."

ஒரே வயிற்றில் பிறந்தவள், வாய் கூசாமல் சொன்னாள்! அவளை அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. மாமியார் அதற்குள் இரண்டு மகன்களுக்கும் போன் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் போனில் வந்ததும் நான் அதைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கதவை வெளியிலிருந்து தட்டித் தட்டி மாமியார் கூப்பாடு போட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஆஸ்பத்திரி, பழத்தோடு வந்த மேனேஜர், கன்னத்துக்குள் ஒதுக்கிய மாத்திரை, இப்போது நடந்தது என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல உடம்பே லேசாகிக்கொண்டு வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பைத்தியக்காரி, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நெட் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"தெரியாது."

"அம்மாவுக்கு?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"நல்லவேளை" என்றார்.

நல்லவேளையாம்! எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இருந்தது.

"நான் சொல்றதைக் கேளு" என்றார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "காப்பீட்டுக் கம்பெனில உன்னை அந்த நோயோட ஏத்துக்கிட்டாங்க. நேத்துதான் காகிதம் வந்துச்சு. இப்போ போய் இது எனக்கில்ல, அட்டையை மாத்திக் குடுத்துட்டோம்னு சொன்னா அது மோசடி. அப்புறம் எந்தக் கம்பெனியும் நம்மளைச் சேத்துக்க மாட்டான். வாண்டோடதும் போயிடும். என் வேலைக்கே வில்லங்கம் வரும். தம்பிக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

"அதனால?"

"நீயே வெச்சுக்க."

"எதைங்க?"

"அந்த வியாதியைத்தான். காகிதத்துல இருந்துட்டுப் போகுது. உனக்கு என்ன கொறஞ்சுடப் போகுது?"

"வாண்டை முன்னாடி நிறுத்தி வெச்சுக்கிட்டு அவ வண்டியை எடுத்தாளே. அதுவும் காகிதத்துலதானா?"

"அதை நீதான் எப்படியாவது பாத்துக்கணும்" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். உனக்கு வியாதின்னு நெனைச்சப்போ எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்ல."

போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகை யாருக்கும் வரக்கூடாது. உண்மையைச் சொன்னால் கட்டு அவிழும் என்று நினைத்தேன். அவிழ்க்கக் கூடிய ஒரே மனிதரும் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே போனாலும் நான் வலிப்புக்காரி, இங்கே இருந்தாலும் வலிப்புக்காரி. இடையில் அவள் ஸ்கூட்டரில் போவாள், அடுப்பில் நிற்பாள், மாடிப்படி ஏறுவாள். நான் போய்விட்டால் அவளுக்கு மாத்திரை வாங்கித் தரவும் ஆள் கிடையாது. அவள் மேல் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் குளியலறை வாசலில் அவள் கிடந்த கோலமும் கண்ணை விட்டுப் போகவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தேன். கொழுந்தன் கையில் கிரீஸோடு வந்து நின்றிருந்தான். தங்கச்சி மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் சொல்லிவிட்டேன் என்றே நினைத்திருப்பாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "எனக்கு இருக்கிற இந்த நோய் கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம், இவளையும் கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. நான்தான் பயந்துக்கிட்டு சொல்லாம விட்டுட்டேன். இன்னிக்கு இவ வாண்டை ஏத்திக்கிட்டுக் கிளம்பினதும் அது ஞாபகம் வந்துதான் கத்திட்டேன். தயவுசெஞ்சு இவளைக் கூட்டிட்டுப் போய் ஒரு டெஸ்ட் எடுங்க. அதுவரைக்கும் வண்டி குடுக்காதீங்க."

அவன் கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடித்தான். நானும் கூடப் போனேன். வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். அவள் தலையில் வயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மாத்திரை விட்ட உடம்பு, ஒளித்து வைக்கவா போகிறது? டாக்டர் எங்களை உட்கார வைத்து, வலிப்புதான் என்றார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இவளுக்கு இல்ல டாக்டர்" என்றான் கொழுந்தன். "இவங்க அக்காவுக்குத்தான் இருக்கு. இவளுக்கு இப்பதான் தெரியுது."

டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எழுதிக் கொடுத்ததும் அதே மாத்திரைதான். இந்தத் தடவை அவள் பெயரில்.

கொழுந்தன் அவளை விட்டுவிடவில்லை. திட்டவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல? இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றான். அவள் விம்மி விம்மி அழுதாள். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ அதில் ஒன்றுமே நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் அவளை அணைத்துக்கொண்டார். "நீ என்னம்மா பண்ணுவே? ரத்தத்துல வந்தது" என்றார். சொல்லும்போது அவர் பார்வை என் மேல் இருந்தது. மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு மாத்திரை, எனக்கு ஒரு மாத்திரை. கொழுந்தன் அவளுக்கு எடுத்துக் கொடுப்பான். எனக்கு மாமியார். நான் பழையபடி கன்னத்துக்குள் ஒதுக்கிச் சாக்கடையில் துப்பினேன்.

கொழுந்தன் அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விசா வந்தது. கிளம்புகிற அன்று பெட்டிகளையெல்லாம் அவன்தான் தூக்கி வந்து காரில் வைத்தான். மாமியார் ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "அங்க போய் மாத்திரையை விட்டுடாதே. என் பையன் ஒண்டியா கெடந்து கஷ்டப்படுவான்." வாண்டு முத்தம் கொடுத்துக்கொண்டே சுற்றி வந்தாள். நான் காரில் ஏறப் போகும்போது கொழுந்தன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். கேக்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றான். "உங்க வியாதியை மறைச்சீங்க. அண்ணன் மன்னிச்சுட்டாரு, அது உங்க ரெண்டு பேருக்குள்ள. ஆனா இவ உங்க தங்கச்சி. டாக்டர் சொல்லியும் இவளைக் காட்டாம விட்டீங்களே. நான் இவளுக்கு ஸ்கூட்டர் கத்துக்குடுத்தேன். ஏதாவது ஆயிருந்தா? கூடப் பொறந்தவளுக்கே இப்படிப் பண்ண எப்படிங்க மனசு வந்துச்சு?"

தங்கச்சி அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தப்புதான் தம்பி" என்றேன்.

அவ்வளவுதான், தங்கச்சி ஓவென்று அழுதுவிட்டாள். அவன் என்னை விட்டுவிட்டு அவளிடம் ஓடினான்.

"அழாதே, ஒடம்புக்கு ஆகாது" என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "நீ எதுக்கு அழறே? நீயா மறைச்சே?"

நான் வாண்டைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன்.